பிள்ளையிடம் கேட்டோமா?

நேயர்களுக்கு வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பல வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகளின் மனநலம் பற்றிய ஓர் ஆய்வுக்காக எட்டாம் வகுப்பில் கேள்வித்தாள் கொடுத்திருந்தேன். தூக்கம் வருகிறதா, அடிக்கடி அழுகை வருகிறதா, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்கிற மாதிரிக் கேள்விகள். பள்ளியில் அனுமதி வாங்கியாயிற்று. பெற்றோர் கையெழுத்தும் வந்துவிட்டது. பெரும்பாலும் பீடி சுற்றுகிற வீடுகள். மடியில் சொளவை வைத்தபடியே அம்மா கையெழுத்துப் போட்டதாக ஒரு பிள்ளை சொன்னாள்.

மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி பென்சிலால் எழுதுகிறாள், அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். அழித்து அழித்துத் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது. பக்கத்தில் போனேன்.

“அக்கா, இத எங்க டீச்சர் பாப்பாங்களா?”

“பாக்க மாட்டாங்க.”

“எழுதாம இருக்கலாமா?”

அப்படி ஒரு வழி உண்டென்று அந்த வகுப்பில் நான் யாரிடமும் சொல்லவே இல்லை. “இருக்கலாம்மா” என்றேன். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட ஆய்வு நெறிமுறைகளில் இது இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். 7 வயது ஆகிவிட்டால் பிள்ளையின் இசைவும் வேண்டும். சின்னப் பிள்ளை வாயால் சொன்னால் போதும், 12 வயதுக்கு மேல் எழுத்தில். சரி, நம் ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்களிடம் ‘மாட்டேன்’ என்று சொல்லிப் பழகியவர்களா? டீச்சர் கதவோரம் நின்றால் வகுப்பே தலையாட்டும். அதை இசைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போதெல்லாம் டீச்சரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “பிடிக்கலன்னா படம் வரைங்க, ஏன்னு கேக்க மாட்டேன்” என்கிறேன். திரும்பவும் சொல்கிறேன், பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

அப்புறம், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று முழு வாக்குக் கொடுத்துவிடக் கூடாது. பாலியல் கொடுமை தெரியவந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி புகார் சொல்லியே ஆக வேண்டும். சாவைப் பற்றி ஒரு பிள்ளை எழுதியிருக்கும்போது தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு ஜங்ஷன் பஸ் ஏறிவிட முடியாது. அன்றைக்கே உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகர் கூட வந்திருக்க வேண்டும். இதையெல்லாம் எழுதத் தொடங்கும் முன்பே பிள்ளைக்குப் புரிகிற பேச்சில் சொல்லிவிட வேண்டும்.

ஆய்வு முடிவை அந்த ஊருக்கே திரும்பக் கொண்டுபோவது பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. போய்ச் சொல்லுங்கள், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098, மனம் விட்டுப் பேச டெலி மானஸ் 14416. வணக்கம்.