கேஸ் மாத்திரையை எப்போது ஆரம்பித்தீர்கள்?

வணக்கம். மருந்துக் கடையில் இத்தனை வருடம் நின்றதில் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான்: "இந்த கேஸ் மாத்திரையை எப்போதிலிருந்து போடுகிறீர்கள்?" பதிலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். கொஞ்சம் யோசிப்பார்கள், பிறகு "ரொம்ப நாளா போடுறேன்" என்பார்கள். எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் யோசனை இன்னும் நீளும். எப்போதோ முழங்கால் வலிக்கு வலி மாத்திரை கொடுத்தபோது, வயிறு புண்ணாகாமல் இருக்க இதையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். வலி மாத்திரை நின்று 2 வருடம் ஆகியிருக்கும், இது மட்டும் தினமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் இந்த மாத்திரைக்கு எதிரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்செரிச்சலில் ராத்திரி தூங்க முடியாமல் உட்கார்ந்தே விடிய வைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆரம்பித்த நாளும் காரணமும் தெரியாமல் ஒரு மருந்து வருடக்கணக்கில் உடம்புக்குள் போவதுதான் எனக்கு மனதை உறுத்துகிறது.

நெஞ்செரிச்சல் எப்படி வருகிறது? இரைப்பையில் அமிலம் இருப்பது தப்பே இல்லை, அது அங்கே இருக்க வேண்டியதுதான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் கதவு மாதிரி இறுகிக்கொள்ளும். அது தளர்ந்தால், இல்லை தவறான நேரத்தில் திறந்துகொண்டால், உள்ளே இருப்பது மேலே ஏறி வரும். அமிலத்தைத் தாங்கும் பாதுகாப்பு இரைப்பைச் சுவருக்கு உண்டு, உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்குக் கிடையாது, அதனால் எரிகிறது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். மாத்திரை அந்தக் கதவைச் சரிசெய்வதில்லை. மேலே வருவதில் இருக்கும் அமிலத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். மாத்திரை போட்டும் சிலருக்கு எதுக்களிப்பது நிற்காமல், எரிச்சல் மட்டும் குறைவது இதனால்தான்.

மருந்துகளில் 3 வகை உண்டு. ஆன்டாசிட் திரவமும் சப்பும் மாத்திரையும் ஏற்கெனவே இருக்கும் அமிலத்தைச் சமன்செய்யும், சில நிமிடங்களில் வேலை செய்யும், சீக்கிரமே தீர்ந்தும் போகும். எப்போதாவது வரும் எரிச்சலுக்கு இதுவே போதும். அலுமினியம் உள்ளது மலச்சிக்கலைத் தரலாம், மக்னீசியம் உள்ளது வயிற்றுப்போக்கைத் தரலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இரண்டையுமே கேட்காமல் எடுக்கக் கூடாது. அடுத்தது ஃபமோடிடின் வகை. பல மணி நேரம் அமிலச் சுரப்பைக் குறைக்கும், ஆனால் தினமும் தொடர்ந்து போட்டால் உடம்பு பழகிக்கொண்டு பலன் குறைந்துவிடும். மூன்றாவது, ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல், எசோமெப்ரசோல் என்று "ப்ரசோல்" என முடியும் பெயர்கள், நான் ஆரம்பத்தில் சொன்ன கேஸ் மாத்திரை இந்த வகைதான். இருப்பதிலேயே பலமானது இதுதான், தப்பாக எடுக்கப்படுவதும் இதுதான்.

எப்படித் தப்பாக? இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் உண்டு. மாத்திரை குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் வழியாக வந்து, அந்தப் பம்புகளைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அதனால் பிடிக்க முடியும், தூங்கும் பம்பைப் பிடிக்காது. நாம் சாப்பிடும்போதுதான் பம்புகள் பெருமளவில் விழித்து ஓடும். மருந்து ரத்தத்தில் தங்கும் நேரமோ மிகவும் குறைவு, 1, 2 மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். அதனால் பம்புகள் ஓடத் தொடங்கும் சமயத்தில் மருந்து அங்கே தயாராக நிற்க வேண்டும். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் என்று சொல்வதன் காரணம் இதுதான். வெறும் வயிற்றில் போட்டுவிட்டுச் சாப்பிடாமலே மதியம் வரை இருப்பதும், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது போடுவதும் மருந்தில் பாதியை வீணாக்குகிற வேலை. "எனக்கு இந்த மாத்திரை கேட்கவே இல்லை" என்று வருபவர்களிடம் நான் முதலில் எப்போது போடுகிறீர்கள் என்றுதான் கேட்பேன், நேரத்தை மாற்றியதுமே சரியானவர்கள் நிறையப் பேர்.

முழுப் பலன் முதல் நாளே தெரியாது, 3, 4 நாள் ஆகும், ஏனென்றால் எல்லாப் பம்புகளும் ஒரே நாளில் அகப்படுவதில்லை. எரியும்போது மட்டும் ஒன்று போட்டுக்கொள்கிறேன் என்றால் அதற்கு ஆன்டாசிட்தான் பொருத்தம். அப்புறம், இந்த மாத்திரையைப் பொடிக்காதீர்கள், மெல்லாதீர்கள். அமிலத்தில் கெட்டுவிடும் மருந்து என்பதால்தான் மேலே பூச்சு போட்டிருக்கிறார்கள்.

எத்தனை நாள்? சீட்டில்லாமல் வாங்கிப் போடுகிறவர்களுக்கு, ஓமெப்ரசோல் பெட்டியிலேயே 14 நாள் என்று அச்சிடும் நாடுகள் உண்டு. அதற்குள் சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வழக்கமாக 4 முதல் 8 வாரம். எழுதும்போதே "எப்போது நிறுத்த வேண்டும்?" என்று கேட்டு, அந்தத் தேதியைச் சீட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சமே வேண்டாம்.

நிறுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதக்கணக்கில் அமிலத்தை அடக்கி வைத்தால், உடம்பு அதைச் சுரக்க வைக்கும் ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதும் அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கும். 2009-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 8 வாரம் இந்த வகை மருந்தைக் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த வாரங்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது. வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 15 சதவீதம்தான். அதனால், நிறுத்திய வாரமே எரிகிறது என்றால் "பார், எனக்கு இது இல்லாமல் முடியாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மெதுவாக இறங்குங்கள், இடையில் எரிந்தால் ஆன்டாசிட் கைகொடுக்கும். சாப்பிட்டு 3 மணி நேரமாவது கழித்துப் படுப்பது, கட்டிலின் தலைமாட்டை 15, 20 சென்டிமீட்டர் உயர்த்துவது, இடது பக்கம் சாய்ந்து தூங்குவது, எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது, இவையெல்லாம் சாதாரணமாகத் தெரிந்தாலும் இறங்கும் அந்த வாரங்களில் பெரிய துணை.

வருடக்கணக்கில் போட்டால் என்ன ஆகும்? பி12 வைட்டமினும் மக்னீசியமும் குறையலாம், எலும்பு முறிவும் குடல் தொற்றும் சற்றுக் கூடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன, அரிதாகச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இதைக் கேட்டுப் பயந்துபோய் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. உணவுக்குழாயில் கடுமையான புண் இருந்தவர்கள், பாரெட் மாற்றம் (அமிலம் பட்டுப் பட்டு உணவுக்குழாயின் உள்படலம் மாறிப்போவது) என்று சொல்லப்பட்டவர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு வந்து இன்னமும் ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ எடுக்க வேண்டியவர்கள், இவர்களுக்கு இது நீண்ட காலம் தேவைப்படும் மருந்து, நிறுத்துவதுதான் ஆபத்து.

வேறு மருந்து எடுப்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். இதயத்துக்காக, ரத்தம் கட்டாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்களுக்கு ஓமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் ஒத்துவராது, அதன் பலனைக் குறைத்துவிடும், மாற்று உண்டு. தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்தும் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம்.

கடைசியாக, விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, தார் போலக் கறுப்பாக மலம் போவது, வாந்தியில் ரத்தம், இதில் எது இருந்தாலும் மாத்திரையால் சமாளித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சில் அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் என்று வந்தால் அதை கேஸ் என்று நினைத்து மாத்திரை டப்பாவைத் தேட வேண்டாம், ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.