கிருமியின் டி.என்.ஏ.வை உடல் கண்டுகொள்ளும் விதம்

நேயர்களுக்கு வணக்கம்.

பிறந்த கையோடு நமக்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசி பலருடைய இடது தோளில் சின்னதாக ஒரு தழும்பை விட்டுவைத்திருக்கும். சென்னை கிண்டியில் 1948 முதல் தயாரித்த மருந்து அது. காசநோயைத் தடுக்க அந்த ஊசியில் வைக்கும் பாக்டீரியா, சில புற்றுக்கட்டிகளையும் ஒடுக்குகிறது என்பது பின்னால் தெரியவந்தது. அதற்குள் இருக்கும் எந்தப் பொருள் இந்த வேலையைச் செய்கிறது?

ஜப்பானில் டோகுனாகா குழுவினர் பி.சி.ஜி.யிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தார்கள். அதில் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்தபோது கட்டியை ஒடுக்கும் வீரியம் குறையவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைத்தபோது குறைந்தது. 1984-ல் இதை வெளியிட்டார்கள். மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ.வைப் பார்த்து எதிர்ப்பு செல்கள் கிளர்ந்தெழும் என்று அன்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்!

அடுத்த பெரிய திருப்பம் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வந்தது. ஆர்தர் கிரீக் என்ற மருத்துவர், ஒரு மரபணுவை அடக்குவதற்காகச் செயற்கை டி.என்.ஏ. துணுக்குகளை, எதிர்ப்பொருள் சுரக்கும் பி செல்களோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக வைத்த, எந்த வேலையும் செய்யக்கூடாத துணுக்குகளே அந்தச் செல்களை மளமளவென்று பெருகவைத்தன. இதை ஒதுக்கித் தள்ளாமல் துருவிப் பார்த்தாரே, அதைத்தான் என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். டி.என்.ஏ.வின் எழுத்துகளான வேதிப்பொருள்களை மாற்றி மாற்றித் துணுக்குகளைச் செய்து பார்த்தார். சைட்டோசின் என்ற எழுத்தும் அதை அடுத்துக் குவானின் என்ற எழுத்தும் வரும் இடம்தான் காரணம் என்று 1995-ல் தெளிவானது.

அந்த ஜோடி நம் டி.என்.ஏ.விலும் உண்டு. ஆனால் எதிர்பார்க்கும் அளவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. இருப்பவற்றிலும் பெரும்பாலானவற்றின் சைட்டோசினில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டியிருக்கும். பாக்டீரியாவில் இந்த ஜோடி தாராளமாக, மெத்தில் இல்லாமல் கிடக்கிறது. இத்தனை சின்ன வேறுபாட்டை வைத்தே செல் ஆளை அடையாளம் காண்கிறது.

அடையாளம் காணும் புரதத்தின் பெயர் டி.எல்.ஆர்.9. ஒசாகாவில் ஷிசுவோ அகிராவின் குழு 2000-ல் அதைக் கண்டறிந்தது. அந்தப் புரதம் இல்லாத எலிகள் பாக்டீரியா டி.என்.ஏ.வுக்கு அசைந்துகொடுக்கவே இல்லை. டி.எல்.ஆர்.9 செல்லின் வெளிப்பரப்பில் காவல் நிற்பதில்லை. செல் விழுங்கியதைச் செரிக்கும் அமிலம் நிறைந்த உள்ளறையில் இருக்கிறது. விழுங்கிய கிருமி அங்கே சிதைந்து டி.என்.ஏ. வெளியே வந்ததும் சமிக்ஞை புறப்படுகிறது: பி செல்கள் எதிர்ப்பொருள் சுரக்கத் தொடங்கும், வேறு சில செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைப் பொழியும்.

இதைத் தெரிந்துகொண்டு, அந்த ஜோடியை வைத்துச் செய்த டி.என்.ஏ. துணுக்கு இன்று தடுப்பூசிகளில் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளாகச் சேர்கிறது. அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்ற ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி ஒன்றில் அது இருக்கிறது. 2022-ல் நம் நாட்டில் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் போட்ட கோர்பிவேக்ஸ் என்ற கொரோனா தடுப்பூசியிலும் அதேதான்.

சொந்த டி.என்.ஏ. எதிர்ப்பொருளோடு பிணைந்து அந்த உள்ளறைக்குள் போய்விட்டால் உடல் தன்னையே தாக்கும். மூட்டுவலியும் தரும் லூபஸ் நோயில் இப்படி நடக்கிறது. அதற்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை அதே அறைகளில் சேர்ந்து டி.எல்.ஆர்.9-இன் வேலையைக் குறைக்கிறது. வலி விட்டதும் பலர் இந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

வணக்கம்.