ஹைட்ரஜனைச் சலித்தெடுக்கும் கார்பன் சவ்வு

[காட்சி: காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பு. லாரியில் ஏறும் பெங்களூரா காய்கள்.]

வணக்கம். மாங்காய் சீசன் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கூழ் ஆலைகள் ராப்பகலாக ஓடும். கூழ் டப்பாவுக்குள் போய்விடும், தோலும் கொட்டையும் குவிந்து கிடக்கும். அந்தக் கழிவைக் காற்றுப் புகாத தொட்டியில் நொதிக்க விட்டால், சாண எரிவாயுவைப் போலவே மீத்தேன் கிடைக்கும். அதைச் சுத்தம் செய்து, நீராவியோடு சேர்த்து, நிக்கல் வினையூக்கியின் மேல் 800 டிகிரி வாக்கில் செலுத்தினால் ஹைட்ரஜன் வரும்.

ஆனால் தனியாக வராது. கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, மிச்ச மீத்தேன் எல்லாம் கூடவே வரும். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தில் ஓடும் வண்டிக்கு 99.97 சதவீதத் தூய்மை வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஒரு கோடியில் 2 பங்கைத் தாண்டக் கூடாது. ஹைட்ரஜன் தயாரிப்பைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பிரித்தெடுப்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய வேலையாகத் தெரிகிறது.

[அனிமேஷன்: மூன்று மூலக்கூறுகள், அருகில் அளவுகள்.]

ஹைட்ரஜனின் அளவு 0.289 நானோமீட்டர். கார்பன் டை ஆக்சைடு 0.33. மீத்தேன் 0.38. இந்த நூலிழை வித்தியாசத்தைப் பிடித்துத்தான் பிரிக்க வேண்டும். அதற்கான சல்லடைதான் கார்பன் சவ்வு. அதில் அவ்வளவு நுண்ணிய துளையைக் கருவி வைத்துப் போட முடியாது. சூட்டைக் கொண்டுதான் உண்டாக்க வேண்டும்.

மண்ணைப் போட்டு மூடி, காற்று விடாமல் விறகை வேகவைக்கும் கரி மூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே வித்தைதான், விறகுக்குப் பதில் பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பிளாஸ்டிக் வகைப் பொருள். நுண்துளை உள்ள அலுமினா பீங்கான் குழாயைப் பீனாலிக் ரெசின் என்ற பாலிமரின் கரைசலில் முக்கி, ஒரே சீராக மெல்லத் தூக்குவார்கள். மெல்லிய பூச்சு ஒட்டும். அதை உலர்த்தி, நைட்ரஜன் அல்லது ஆர்கான் ஓடும் உலையில் வைத்து, நிமிடத்துக்குச் சில டிகிரி வீதம் 550 முதல் 800 டிகிரி வரை ஏற்றுவார்கள். அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தி, அப்புறம் நிதானமாக ஆறவிடுவார்கள்.

உள்ளே பாலிமர் சங்கிலிகள் அறுபட்டு வாயுவாக வெளியேறும். மிஞ்சும் கார்பன் தாள்கள் ஒழுங்கில்லாமல் அடுக்கப்பட்டு நிற்கும். அவற்றுக்கிடையே அகலமான இடமும் உண்டு, குறுகலான வாசலும் உண்டு. வாயு வேகமாக ஓடுவது அகலத்தால். யாரை விடுவது என்று தீர்மானிப்பது வாசல். வெப்பநிலையைக் கூட்டினால் வாசல் சுருங்கும். ஹைட்ரஜன் இன்னும் சுத்தமாக வரும், ஆனால் வரும் அளவு குறையும். எந்த டிகிரியில் நிறுத்துவது என்பதில்தான் செய்பவரின் கைத்திறன் இருக்கிறது.

பெரிய எதிரி விரிசல். பூச்சு கரியாகும்போது சுருங்கும். அவசரமாகச் சூடேற்றினால் விரிசல் விடும். பூசும்போது ஒரு தூசி விழுந்தாலும் ஓட்டைதான். அந்த ஓர் ஓட்டை வழியாக எல்லா வாயுவும் போய்விடும். அதனால்தான் தூசியில்லாத அறையில், இரண்டு முறை பூசுகிறார்கள்.

[காட்சி: சோதனைக் கலம். ஒரு பக்கம் அழுத்தம், மறுபக்கம் அளவுமானி.]

பல்லேடியம் என்ற உலோகத்தால் ஆன சவ்வு இதைவிடத் தூய்மையான ஹைட்ரஜனைத் தரும். ஆனால் விலை கட்டுப்படியாகாது, கந்தகம் பட்டால் கெட்டுப்போகும். கார்பன் சவ்வு ஒரே கட்டத்தில் 99.97 சதவீதத்தைத் தொடும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு கட்டமாக வைக்கலாம், அல்லது கடைசிச் சுத்தத்தை, மற்ற வாயுக்களைப் பரப்பில் பிடித்துவைக்கும் பொருள் நிரப்பிய கலங்களிடம் விடலாம். இன்னொன்று: ஹைட்ரஜன் அழுத்தம் குறைந்த பக்கத்தில்தான் வெளிவரும், மறுபடி அழுத்த மின்சாரம் செலவாகும்.

இருந்தாலும் நம் பக்கத்துக்கு இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். சவ்வுக் குழாய்களில் அசையும் பாகம் இல்லை. சிறிதாகத் தொடங்கி, தேவைக்கேற்பக் குழாய்களைக் கூட்டலாம். கூழ்க் கழிவு சில மாதம்தான் வரும். மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும்போது காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் வாசல்களை அடைத்துவிடும். சீசன் முடிந்ததும் உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி வால்வை இறுக மூடிவிட வேண்டும்.