வெற்றிகரமான 2வது வாரம்

(சினிமா விளம்பரத் தொழிலைக் கிண்டல் செய்யும் நாடகம் ஒன்று சேலத்தில் அரங்கேறிய மாலை, நாடகம் முடிந்ததும் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம். நாடகம் முடிந்த பிறகு பேச வருகிறவன், இலை எடுத்த பந்திக்குச் சாம்பார் வாளியோடு வருகிறவன் மாதிரி. சீக்கிரம் முடித்துக்கொள்கிறேன்.

இந்தக் கதையைச் சேலத்தில் போட ஒரு துணிச்சல் வேண்டும். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய சினிமாக் கம்பெனி. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938இல் இவர்கள் எடுத்ததுதான். 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, அதுவும் இங்கிருந்துதான் வந்தது. விளம்பரம் செய்கிறவர் கையில் சரக்கு இருந்த காலம் அது. இன்றைக்கு "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக" என்று குரல் கேட்டால், அடுத்த வரியைக் குழந்தைகளே சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் நாடகத்தில், தியேட்டரில் படத்தின் முதல் ஷோ இடைவேளைக்கே வரவில்லை, அதற்குள் சக்சஸ் மீட் நடத்தி கேக் வெட்டுகிறார்கள். அரங்கம் அதிர்ந்தது. ஆனாலும் அது சுலபமான சிரிப்பு. மூன்று நாளில் நூறு கோடி என்று கணக்குச் சொல்லும் காட்சியும் அப்படித்தான். யார் எண்ணினார்கள் என்று இப்போது யாருமே கேட்பதில்லை.

என் பார்வையில் நாடகம் அந்தத் தயாரிப்பாளரிடம்தான் இருக்கிறது. டிக்கெட்டுகளைத் தானே மொத்தமாக வாங்கி, ஒரே தியேட்டரில், காலைக் காட்சி மட்டும் படத்தை ஓட்டுகிறார். ராத்திரி ஐந்து ரோடு பக்கம் வண்டியை நிறுத்துகிறார். சுவரில் ‘வெற்றிகரமான 2வது வாரம்’ என்று சிலிப் ஒட்டியிருக்கிறது. அண்ணாந்து பார்த்தவர், உடனே வீட்டுக்குப் போன் போட்டு, "அடுத்த படத்துக்குப் பூஜை போட நாள் பாரும்மா" என்கிறார். தன் காசில் அடித்த பொய்யைத் தானே நம்புகிற அந்த மனுஷனைப் பார்த்து எனக்கு வயிறே வலித்துவிட்டது.

பசை காய்ச்சும் காட்சிக்குத் தனிப் பாராட்டு. மைதாவில் மயில்துத்தம் கலப்பதை மேடையிலேயே காட்டினீர்கள், மாடு போஸ்டரைத் தின்றுவிடக் கூடாது என்று. பிறகு படத்தின் மக்கள் தொடர்பாளரான பி.ஆர்.ஓ. வந்து, "நம்ம போஸ்டரை மாடுகூடத் தொடலை சார், அவ்வளவு மரியாதை!" என்கிறார். வசனம் எழுதிய தம்பி எங்கே இருந்தாலும் கையைத் தூக்கட்டும்.

குறையும் சொல்ல வேண்டும். அந்தப் பி.ஆர்.ஓ. முழுப் புளுகனாகவே வருகிறார். தமிழ் சினிமாவில் அந்தத் தொழிலுக்கு முதல் ஆள் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு அந்த வேலை பார்த்தவர். படங்களைப் பற்றிய விவரங்களை வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தவர். இப்போது வரலாறு எழுதுகிறவர்களுக்கு அந்தச் சேகரிப்புதான் கைகொடுக்கிறது. விவரம் தெரிந்தவர் வாயில் பொய் வரும்போது நாக்கு ஒரு நொடி தடுக்கும். அந்தத் தடுக்கலை நடிகருக்குக் கொடுங்கள், இன்னும் சிரிப்பு வரும்.

கதாநாயகியின் அம்மா வரும் காட்சி பழைய ஜோக். வெட்டிவிடலாம். அந்த நேரத்தைப் போஸ்டர் ஒட்டுகிறவருக்குக் கொடுங்கள். மொத்த நாடகத்திலும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் படத்தைப் பார்த்த ஒரே ஆள் அவர். படம் எப்படி என்று அவரிடம் யாருமே கேட்கவில்லையே!