எதிர்பாராத கூட்டம்: தீம் பார்க்கில் மாட்டிக்கொண்டால் என்ன செய்யலாம்?

[காட்சி: பூங்கா வாசல். டிக்கெட் சரிபார்க்கும் இடத்திலிருந்து கார் நிறுத்தும் இடம்வரை தலைகள்.]

மாதக்கணக்கில் திட்டம் போட்டு, லீவு எடுத்து, டிக்கெட் வாங்கி, பிள்ளைகளைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாயிற்று. வாசலில் நின்று பார்த்தால் எள் போட்டால் எள் விழாத கூட்டம். இன்றைக்கு இவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. திரும்பிப் போகவும் முடியாது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இந்த வீடியோ. கூட்டமில்லாத நாளைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இங்கே பேசப் போவதில்லை.

முதலில், "நாம் சரியாகப் பார்த்து வந்திருக்கலாமே" என்று வீட்டுக்குள்ளேயே சண்டை போடாதீர்கள். இதில் பூங்காவை நடத்துகிறவர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

[காட்சி: 1955 என்ற எண், பழைய கறுப்பு வெள்ளைப் பாணியில்.]

1955 ஜூலை 17. கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்தின் திறப்பு விழா. அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆனால் போலி அழைப்பிதழ்கள் புழங்கின. எதிர்பார்த்ததைவிட ஆயிரக்கணக்கில் அதிகமாக, ஏறத்தாழ 28,000 பேர் உள்ளே வந்துவிட்டார்கள். கடும் வெயில். பிளம்பர்களின் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல வேலை செய்யவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, 2006 பிப்ரவரியில், ஹாங்காங் டிஸ்னிலாந்தில் இன்னொரு சம்பவம். சீனப் புத்தாண்டு விடுமுறை. அங்கே அப்போது விற்ற டிக்கெட்டில் நாள் குறிக்கப்படவில்லை. குறிப்பிட்ட காலத்துக்குள் எந்த நாளும் வரலாம். விளைவு, எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பது பூங்காவுக்கே தெரியவில்லை. உள்ளே நிரம்பிவிட்டது என்று கதவைச் சாத்தியபோது, கையில் செல்லுபடியாகும் டிக்கெட்டோடு குடும்பங்கள் வெளியே நின்றன. சிலர் குழந்தைகளை வேலிக்கு மேலே தூக்கி உள்ளே அனுப்பப் பார்த்தார்கள்.

கூட்டம் திடீரென்று வருவதற்குக் காரணங்கள் ஏராளம். வேறொரு மாநிலத்தில் பள்ளி விடுமுறையாக இருக்கலாம். நேற்று மழை பெய்து, நேற்று வர வேண்டியவர்கள் இன்று வந்திருக்கலாம். சில சமயம் வந்தவர்கள் எண்ணிக்கை வழக்கமானதுதான், ஆனால் இரண்டு பெரிய ரைடுகள் பழுதாகி, அங்கே நிற்க வேண்டியவர்கள் எல்லாம் மற்ற வரிசைகளில் வந்து சேர்ந்திருப்பார்கள். காரணம் எதுவானாலும், உள்ளே போனதும் உங்களுக்கு உதவப்போவது ஒரு சின்னக் கணக்கு.

[காட்சி: ரோலர் கோஸ்டர் ஏறும் மேடை. திரையின் மூலையில் ஒரு கடிகாரம்.]

ஒரு ரைடின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வரிசையைப் பார்க்க வேண்டாம். மேடையைப் பாருங்கள். ஒரு வண்டியில் 24 சீட் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்பினால் மணிக்கு 1,440 பேர். வரிசையில் 700 பேர் நின்றால், அரை மணி நேரத்துக்குள் உங்கள் முறை வந்துவிடும். இப்போது அதே தண்டவாளத்தில் இரண்டு வண்டிக்குப் பதில் ஒரே வண்டிதான் ஓடுகிறது என்றால்? அதே 700 பேர், அதே நீளம், ஆனால் காத்திருப்பு ஏறக்குறைய இரட்டிப்பு.

இதை இன்னும் கெடுப்பது ஒன்று உண்டு. காசு கட்டி வரும் முன்னுரிமை வரிசை. இரண்டு வரிசைகளும் ஏறும் மேடைக்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் சேரும். அங்கே நிற்கும் ஊழியர் அந்தப் பக்கம் ஒரு கூட்டத்தை விடுவார், அப்புறம் இந்தப் பக்கம் சிலரை விடுவார். 24 சீட்டில் 16 அந்த வரிசைக்குப் போனால், உங்களுக்கு மிச்சம் 8. மணிக்கு 480 பேர். 700 பேருக்குப் பின்னால் நிற்கும் நீங்கள் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் நிற்பீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே மாறியிருக்காது.

வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையை, மணிக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வரும். இந்த உறவை 1961இல் கணித ரீதியாக நிறுவியவர் ஜான் லிட்டில். அவர் பெயராலேயே அது லிட்டில் விதி எனப்படுகிறது. தொழிற்சாலை முதல் மருத்துவமனை வரை இதே கணக்குத்தான்.

[காட்சி: இரண்டு ரைடுகள் அருகருகே. ஒன்றில் மிக நீண்ட வரிசை, ஒன்றில் குட்டி வரிசை.]

இதிலிருந்து கிடைக்கும் பெரிய பாடம், நீண்ட வரிசையைக் கண்டு மிரள வேண்டாம், குட்டி வரிசையைக் கண்டு ஏமாறவும் வேண்டாம் என்பது. சில ரைடுகளில் வண்டி நிற்பதே இல்லை. 1969இல் டிஸ்னிலாந்தில் திறந்த பேய் மாளிகைச் சவாரியான ஹாண்டட் மேன்ஷன் மாதிரியான ரைடுகளில் இருக்கைகள் சங்கிலித் தொடராக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், மக்கள் நகரும் மேடையிலிருந்து நடந்தபடியே ஏறுவார்கள். பெரிய படகுச் சவாரிகளும் அப்படித்தான், அடுத்தடுத்து படகு வந்துகொண்டே இருக்கும். அங்கே வரிசை தெருக்கோடி வரை நீண்டாலும் கால் நிற்காமல் நகரும்.

சிறு குழந்தைகள் சுற்றும் ரைடுகள் நேர் எதிர். நிறுத்தி, இறக்கி, ஏற்றி, பெல்ட் மாட்டி, சரிபார்த்து, சுற்றி, மறுபடி நிறுத்த வேண்டும். நாற்பது பேர் நிற்கும் வரிசைகூட அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. குட்டி ரைடு, குட்டி வரிசை, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நம்பி நின்றுவிடுவார்கள். அதனால் பிள்ளைகளுக்கான ரைடுதான் உங்கள் முக்கிய நோக்கம் என்றால், பெரியவர்கள் ரோலர் கோஸ்டருக்கு ஓடும் அந்த முதல் மணி நேரத்தில் அதை முடித்துவிடுங்கள்.

சரி, கணக்கு புரிந்தது. இப்போது திட்டம். ஆடுகிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். பத்து ரைடுகளின் பட்டியலோடு வந்திருந்தால், வாசலிலேயே, நுழைவதற்கு முன்பே அதைக் குறைத்துவிடுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும் "இது இல்லாமல் போனால் எனக்கு வருத்தமாக இருக்கும்" என்று ஒன்றே ஒன்றைச் சொல்லட்டும். அதை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் வழியில் கிடைத்தால் பார்க்கலாம்.

சொல்வது எளிது, எனக்கும் தெரியும். "இவ்வளவு காசைக் கொட்டி வந்திருக்கிறோம், எல்லாத்தையும் பார்த்தே ஆகணும்" என்று ஒருவராவது நிற்பார். பெரும்பாலும் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர்தான் அவர். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிக்கெட் காசு போனது போனதுதான். மதியம் இரண்டு மணிக்கு அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு ஏழாவது வரிசையில் நிற்பதால் அது திரும்பி வரப்போவதில்லை. இந்தப் பேச்சைக் காலை ஒன்பது மணிக்கே பேசிவிடுங்கள், எல்லோரும் தெம்பாக இருக்கும்போது.

[காட்சி: பூங்காவின் வரைபடம். காலை முதல் இரவு வரை நிறம் மாறுகிறது.]

எவ்வளவு கூட்டமான நாளிலும் கூட்டம் ஒரே அளவில் இருப்பதில்லை. திறந்த முதல் ஒரு மணி நேரம் ஓரளவு காலியாக இருக்கும். பதினோரு மணியிலிருந்து நான்கு மணி வரை உச்சம். மாலையில் குழந்தைகளோடு வந்தவர்கள் கிளம்பத் தொடங்குவார்கள், மெல்ல இளகும். உள்ளே நுழைந்ததும் பெரும்பாலோர் கண்ணில் படும் முதல் ரைடிலேயே நின்றுவிடுகிறார்கள், ஆகவே நீங்கள் பின்கோடிக்கு நடந்துவிடுங்கள். ஊர்வலமோ வாணவேடிக்கையோ நடக்கும் அரை மணி நேரத்தில் வரிசைகள் சுருங்கும். அதைப் பார்க்க ஆசையில்லாதவர்களுக்கு அது பொற்காலம். சாப்பாட்டையும் ஊர் சாப்பிடும் நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பதினொன்றுக்கோ மூன்றுக்கோ சாப்பிட்டால் ஒரு பெரிய வரிசை குறைந்தது.

மழை வந்தால் ஓடிவிடாதீர்கள். இடி மின்னல் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மழைக்கோட்டோடு பக்கத்திலேயே கூரைக்கு அடியில் இருப்பவர்களுக்கு, ரைடு மறுபடி ஓடத் தொடங்கும் முதல் பதினைந்து, இருபது நிமிடம் ஏறக்குறைய வரிசையே இருக்காது. பூங்காவின் ஆப் கையில் இருந்தால், பழுதாகி நின்ற ரைடு எப்போது திரும்பத் திறக்கிறது என்பதும் உடனே தெரியும்.

உச்ச நேரத்தில் என்ன செய்வது? என் கருத்தில், வெளியே போய்விடுவதுதான் சிறந்தது. பல பூங்காக்களில் கையில் முத்திரை குத்தியோ டிக்கெட்டை மறுபடி காட்டச் சொல்லியோ அதே நாளில் திரும்ப உள்ளே விடுவார்கள். முதலில் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கும் அறை பக்கத்தில் இருந்தால் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு ஐந்து மணிக்குப் புதிதாக வரலாம். வெளியே விட மாட்டார்கள் என்றால், குளிர்சாதன அரங்கில் நடக்கும் காட்சிகளை இந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். ஒரே தடவையில் நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே உட்கார வைக்கும் இடங்கள் அவை.

முன்னுரிமை வரிசைக்குக் காசு கொடுக்கலாமா? 1999இல் டிஸ்னி இதை ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில் இலவசமாகத்தான் தொடங்கியது. குறித்த நேரத்துக்குத் திரும்பி வந்தால் போதும். இன்று பல பூங்காக்களில் இது தனிக் கட்டணம். கூட்ட நாளில் நேரங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். ஆகவே வாங்குவதென்றால் காலையிலேயே வாங்குங்கள், அதுவும் அந்த ஒரே ஒரு பெரிய ரைடுக்கு. மதியத்துக்கு மேல் நாள் முழுவதற்குமான முன்னுரிமைப் பாஸை வாங்குவது பெரும்பாலும் வீண்.

காசில்லாத வழிகளும் உண்டு, கேட்காததால்தான் பலருக்குத் தெரிவதில்லை. தனி ஆள் வரிசை என்று சில ரைடுகளில் உண்டு. குடும்பங்கள் உட்கார்ந்தபின் மிஞ்சும் ஒற்றைச் சீட்டை நிரப்ப அது. பிரிந்து உட்காரச் சம்மதம் என்றால் வேகமாகப் போகலாம். கைக்குழந்தை இருந்தால், ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர் போய்வந்தபின் இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறும் வசதியும் பல இடங்களில் இருக்கிறது.

இன்னொன்று. பிள்ளையின் உயரத்தை வரிசையில் சேர்வதற்கு முன்பே அளவுக்கோலில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். ஷூவைக் கணக்கில் வைத்து மனதுக்குள் தேற்றிக்கொள்ள வேண்டாம். ஏறும் மேடையில் மறுபடி அளப்பார்கள். ஒன்றரை மணி நேரம் நின்ற பிள்ளையை அங்கே திருப்பி அனுப்பும்போது அதன் முகத்தைப் பார்க்க முடியாது.

[காட்சி: வளைந்து வளைந்து போகும் வரிசை. நிழலில் ஒரு குடும்பம்.]

என்ன செய்தாலும் கொஞ்ச நேரம் நிற்கத்தான் வேண்டும். காத்திருப்பின் மனநிலையைப் பற்றி டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது: சும்மா நிற்கும் நேரம், ஏதாவது செய்துகொண்டிருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளம். பூங்காக்கள் இதை நன்றாகக் கற்றுக்கொண்டன. ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவான மேஜிக் கிங்டமில் டம்போ யானைச் சவாரியை 2012இல் இரண்டாக்கியபோது, வரிசைக்கு நடுவில் விளையாட்டு அரங்கு ஒன்றையும் வைத்தார்கள். அப்போது பிள்ளைகள் விளையாடினார்கள், முறை வந்ததும் பெற்றோர் கையிலிருந்த கருவி அழைத்தது.

அந்த வசதி இல்லாத வரிசையில் அந்த வேலை நம்முடையது. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்கும் பிள்ளைக்கு "கொஞ்ச நேரம்" என்று சொல்லாதீர்கள். மேடையில் எண்ணிய கணக்கு உங்களிடம் இருக்கிறதே, "இன்னும் பத்து வண்டி போனால் நம்ம வண்டி" என்று சொல்லுங்கள். பிள்ளையே எண்ணத் தொடங்கிவிடும். தண்ணீர், தொப்பி, கைவிசிறி மூன்றும் பையின் மேலாக இருக்கட்டும். யாருக்காவது தலைசுற்றல், வாந்தி வருகிற மாதிரி இருந்தால் இடம் போனாலும் பரவாயில்லை என்று உடனே வெளியே வந்து முதலுதவி அறைக்குப் போங்கள்.

பிள்ளை தொலைவதைப் பற்றியும் பேச வேண்டும். காலையில், அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் ஞாபகம் வராது. உங்கள் போன் எண்ணைப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதுங்கள். "காணோம்னா தேடி நடக்காதே, அங்கேயே நில்லு, பெயர் அட்டை மாட்டிய ஊழியர் யாரையாவது கூப்பிடு" என்று சொல்லி, பிள்ளையைத் திருப்பிச் சொல்லவும் வையுங்கள். பெரியவர்கள் சந்திக்கும் இடமாக நடு நீரூற்றைச் சொல்லாதீர்கள், எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். கூட்டத்தில் போன் அழைப்பு கிடைக்காமல் போகலாம். குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்ச் சேரும்.

நெரிசல் என்பது வேறு. ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து பேருக்கு மேல் நெருங்கினால் ஆபத்து தொடங்குகிறது, நம் காலை நாமே வைக்க முடியாது. அந்த அளவுக்கு முன்பே, தோளோடு தோள் உரசத் தொடங்கியதும் விலகுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாமல், கூட்டம் போகும் திசையிலேயே சாய்வாக ஓரத்துக்கு நகருங்கள். கைகளை மார்புக்கு முன்னால் மடித்து வைத்தால் மூச்சு விட இடம் இருக்கும்.

[காட்சி: வாணவேடிக்கை முடிகிறது. எல்லோரும் ஒரே பக்கம் திரும்புகிறார்கள்.]

இந்த நெருக்கடி அதிகம் வருவது நாளின் கடைசியில், வாணவேடிக்கை முடிந்த பதினைந்து நிமிடத்தில். அதனால் ஒன்று, அது முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே வாசலை நோக்கி நடந்துவிடுங்கள். இல்லையென்றால் எங்காவது உட்கார்ந்து முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். மூடும் நேரத்துக்கு முன்னால் வரிசையில் சேர்ந்தவர்களை ஏற்றிவிடும் வழக்கம் பல பூங்காக்களில் உண்டு. காலையில் விட்டுப்போன அந்த ஒரு ரைடுக்கு இதுதான் நேரம். கடைசி நிமிடங்களில் வந்து சேர்ந்துகொள்ளுங்கள். இறங்கி வருவதற்குள் வாசலும் காலியாகியிருக்கும், கார் நிறுத்துமிடமும் காலியாகியிருக்கும்.