ஒரே நாள் பூ: ‘இஃபெமரல்’ என்ற சொல்லை எங்கே வைப்பது?

[காட்சி: சாலையோரத் தூங்குமூஞ்சி மரம். கிளையெங்கும் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள்.]

குரல்: கனமழை கொட்டி வெக்கை சட்டென்று தணிந்தால், சுமார் 9 நாள் கழித்துச் சிங்கப்பூர் மரக்கிளைகளில் புறா ஆர்க்கிட் பூக்கும். விடிந்து பார்த்தால் ஒரே வெள்ளை, நல்ல மணம். மறுநாள் எல்லாம் வாடித் தொங்கும். அந்தப் பூவுக்கென்றே அமைந்ததுபோல் ஆங்கிலத்தில் ஒரு பெயரடை உண்டு: இஃபெமரல்.

[திரையில்: எபி + ஹெமெரா]

கிரேக்கத்தில் ‘ஹெமெரா’ என்றால் நாள். ‘எபி’ சேர்ந்தால் ஒரு நாளே நீடிப்பது என்று பொருள். முன்பு ஒரே நாளில் விட்டுவிடும் காய்ச்சலுக்கும் இந்தச் சொல்லை மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். பிறகு ‘ஒரு நாள்’ என்ற கணக்கு தளர்ந்து, விரைவில் மறைகிற எதற்கும் பொருந்தியது.

உச்சரிப்பு: இ-ஃபெ-ம-ரல். அழுத்தம் ‘ஃபெ’ மேல் விழவேண்டும். முதல் அசையை நீட்டி ‘ஈஃபிமரல்’ என்றால் கேட்பவருக்குப் புரியாமல் போகலாம்.

[காட்சி: தேக்காவில் தீபாவளி ஒளியூட்டு, அடுத்து, வீட்டு வாசலில் அரிசிமாவுக் கோலம்.]

பலர் தடுமாறும் இடத்துக்கு வருவோம். ஒளியூட்டு சில வாரம் இருக்கும், பிறகு ஆள் வைத்துக் கழற்றுவார்கள். அது டெம்பரரி. முடியும் நாளை யாரோ தீர்மானிக்கிறார்கள். கோலத்தை யாரும் கழற்றுவதில்லை. எறும்பு தின்னும், கால் படும், காற்று கலைக்கும். மறைவது அதன் இயல்பிலேயே இருக்கிறது. அது இஃபெமரல். அதனால்தான் வேலை அனுமதியையோ மூடப்பட்ட சாலையையோ இந்தச் சொல்லால் குறிக்க முடியாது. அங்கெல்லாம் டெம்பரரிதான்.

3 நிமிடத்தில் முடிந்த கூட்டம் ‘பிரீஃப்’. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் ‘மொமென்டரி’. நகரும் எம்ஆர்டி ரயில் ஜன்னலில் தெரிந்து மறைந்த முகத்தைக் கண்டது ‘ஃபிளீட்டிங்’. ‘டிரான்சியன்ட்’ லத்தீனில் ‘கடந்துபோ’ என்ற வேரில் பிறந்தது. சாங்கி விமான நிலையத்தில் சொல்லும் ‘டிரான்சிட்’டுக்கும் அதே வேர்.

[திரையில்: ‘ஃபேம் இஸ் இஃபெமரல்.’ / ‘தி இஃபெமரல் பியூட்டி ஆஃப் தி ஃபிளவர்ஸ்’]

புகழ், அழகு, இன்பம், ஃபேஷன் ஆகியவற்றோடு இது இயல்பாகச் சேரும். ‘ஐந்து நிமிட இஃபெமரல் இடைவேளை’ என்று கால அளவோடு ஒட்டினால் வாக்கியம் கெட்டுவிடும். ஒரு வாரம் வந்துபோன ஆசிரியரை ‘இஃபெமரல் டீச்சர்’ என்பதும் தவறு. பெரும்பாலும் ‘இவ்வளவு சீக்கிரம் போய்விட்டதே’ என்ற ஏக்கம் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. கட்டுரையில் ஒரே ஒரு முறை, அந்த ஏக்கம் தேவைப்படும் வரியில் வையுங்கள். ஈசூன் கடையில் ஆறிப்போன தேநீருக்கெல்லாம் இது வேண்டாம்.

விதிவிலக்கு, துறைச்சொற்கள். மழை பெய்தால் மட்டும் ஓடும் நீரோடை, தானாக அழியும் குறுஞ்செய்தி ஆகியவற்றுக்கும் இஃபெமரல் என்பார்கள். அங்கே ஏக்கம் எதுவும் கிடையாது.

மொழிபெயர்ப்பில் இன்னொரு பொறி. அகராதி ‘நிலையற்ற’ என்று தரும். ‘நிலையற்ற புகழ்’ சரி. ஆனால் ‘நிலையற்ற விலை’, ‘நிலையற்ற அரசு’ என்றால் ஆட்டம் காண்பவை, ஆங்கிலத்தில் ‘அன்ஸ்டேபிள்’. தமிழிலிருந்து திரும்பப் போகும்போது இந்த இரண்டையும் குழப்பிவிடக்கூடாது.

[காட்சி: பழைய பேருந்துச் சீட்டு, நாடக அழைப்பிதழ், கடைத் துண்டுப்பிரசுரம்.]

இதே குடும்பத்தில் ‘இஃபெமரா’ என்ற பெயர்ச்சொல்லும் உண்டு. பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியவே அச்சிட்ட தாள்களுக்கு அந்தப் பெயர். சிங்கப்பூர் தேசிய நூலகம் அவற்றையும் சேகரித்துப் பாதுகாக்கிறது.