தி ஃபோர் சீசன்ஸ்: நெல்லைப் பெண்கள் ஏன் ஆன் பக்கம் நிற்கிறார்கள்?

(திரையில்: குற்றாலம், சாரல் காலம். சாலையோரம் வரிசையாகச் சுற்றுலா வேன்கள்.)

வணக்கம். மூன்று தம்பதியர், எல்லோரும் ஐம்பதைத் தொட்டவர்கள், பல ஆண்டு நட்பு. பருவத்துக்கு ஒரு முறை சேர்ந்து ஊர் சுற்றுவது அவர்கள் வழக்கம். இளவேனிலில் அவர்களில் ஒருவரான நிக், மனைவி ஆனை விட்டு விலகப்போவதாக நண்பர்களிடம் சொல்கிறார். அதற்குப் பிறகும் அந்த ஆண்டின் மற்ற மூன்று பயணங்கள் நடக்கின்றன. யார் யாரோடு போவது என்பதுதான் கதை.

2025 மே 1 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த 'தி ஃபோர் சீசன்ஸ்' தொடரைப் பற்றிப் பேசுகிறேன். எட்டுப் பகுதிகள், பருவத்துக்கு இரண்டு. டினா ஃபே, லாங் ஃபிஷர், டிரேசி விக்ஃபீல்ட் மூவரும் சேர்ந்து உருவாக்கியது. 1981-இல் ஆலன் ஆல்டா எழுதி இயக்கிய படத்தின் மறு ஆக்கம். கதையின் முடிவையும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

(திரையில்: பாளையங்கோட்டை, வீட்டு முற்றம், மாலை.)

என் அத்தையும் அவருடைய தோழிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். தொடரைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் பகுதியிலேயே சண்டை தொடங்கிவிட்டது. காரணம் ஒரு காட்சி. நிக் தன் முடிவை ஆண் நண்பர்களிடம் சொல்லிவிடுகிறார். மனைவி ஆனுக்கு ஒன்றும் தெரியாது. அவரோ இருபத்தைந்தாம் திருமண நாளுக்காக, திருமண உறுதிமொழியை மறுபடி எடுத்துக்கொள்ளும் சடங்கை நிக்குக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். விஷயம் தெரிந்த நண்பர்கள் அந்த வைபவத்துக்கு வந்து நிற்க வேண்டும்.

"தெரிந்துகொண்டே எப்படி அங்கே போய் நின்றார்கள்?" என்று அத்தை கொதித்தார். அவருடைய கோபம் நிக் மீது இல்லை, நண்பர்கள் மீது. நான் கவனித்தவரை நம் ஊரில் இந்தத் தொடரைப் பார்த்த பெண்கள் பலருக்கும் இதே கோபம்தான். ஆண்கள் வேறு இடத்தில் நிற்கிறார்கள். "அவருக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா?" என்றார் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர். நிக் நல்லவரா, கெட்டவரா என்பதோடு அவருடைய பேச்சு முடிந்துவிடுகிறது.

எனக்கு அத்தை பிடித்த இடம்தான் சரி என்று படுகிறது. பழைய படத்தில், பிரிவுக்குப் பிறகு ஆன் கதையை விட்டுப் பெரும்பாலும் விலகிவிடுகிறார். கணவரோடு சேர்ந்து ஆனின் நண்பர் வட்டமும் போய்விடுகிறது. புதிய தொடர் அந்த இடத்தைத்தான் மாற்றியிருக்கிறது. கெரி கென்னி-சில்வர் நடித்த ஆன் கடைசிப் பகுதி வரை கூடவே வருகிறார். சங்கடப்படுத்துகிறார், அழுகிறார், சிரிக்கவும் செய்கிறார். பழைய படத்தை இயக்கிய ஆல்டாவே இதில் ஆனின் அப்பாவாக வந்து போகிறார். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்தது.

ஐம்பது வயதுக்கு மேல் கணவரைப் பிரிந்த பெண்ணுக்கு நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? யாரும் வாய் திறந்து "வராதே" என்று சொல்வதில்லை. சாரல் தொடங்கியதும் வேன் பேசுவார்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும்போது ஜோடி ஜோடியாக எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் ஒற்றை ஆள் தானாக விடுபட்டுவிடுவார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி வாங்க வருகிறவர் கணவர் பெயரைத்தான் கேட்பார். வளைகாப்புக்கு அழைப்பு வரும், ஆனால் வளையல் போட யாரும் கூப்பிட மாட்டார்கள். இவையெல்லாம் தெரிந்தவர்கள் என்பதால்தான் அந்த ஆசிரியைகள் ஒவ்வொரு பகுதியிலும், "இந்த முறை ஆன் வருகிறாளா?" என்று கேட்டுக்கொண்டே பார்த்தார்கள்.

இன்னொரு கேள்வியும் எல்லோரும் கேட்டது: வசந்தத்தில் சொன்னவர் கோடையில் ஜின்னி என்ற இளம்பெண்ணோடு வந்துவிடுகிறாரே, இவ்வளவு சீக்கிரமா? நம் சட்டத்தில் பொதுவாக விவாகரத்தே அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. இந்துத் திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்து 1976-இல்தான் சேர்ந்தது. மனு போடும் முன் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், மனு போட்டபின் இன்னும் ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாளையங்கோட்டையில் நிறைய இருக்கும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பரஸ்பர சம்மதம் என்ற வழியே 2001 திருத்தத்தில்தான் வந்தது.

(திரையில்: ஒரு வீட்டு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள்.)

இப்போது முடிவு. ஸ்டீவ் கேரல் நடித்த நிக், கார் விபத்தில் இறந்துவிடுகிறார். பழைய படத்தில் இது இல்லை. "செய்த தப்புக்குத் தண்டனை" என்று சிலர் சொன்னார்கள். "பிடி கொடுக்காமல் தப்பிவிட்டார்" என்று சிலர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. தண்டனை கொடுப்பதுதான் நோக்கமென்றால் கதை அங்கேயே நின்றிருக்கும். நிற்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு கூட வாழ்ந்த பெண்ணும், சில மாதமே கூட இருந்த பெண்ணும் ஒரே ஆளுக்காக அழ வேண்டியிருக்கிறது. ஜின்னி கர்ப்பமாக இருக்கிறார் என்பதும் தெரியவருகிறது.

இந்த இடம் வந்ததும் பாளையங்கோட்டை முற்றத்தில் பேச்சு அடியோடு மாறியது. துட்டி வீட்டு, அதாவது சாவு வீட்டு முறை தெரிந்தவர்கள் அல்லவா! போய் யாரிடம் துட்டி கேட்பது? கணவரை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவரும் கோடித்துணி யாருக்கு வரும்? நீர்மாலைக்கு, அதாவது இறந்தவரைக் குளிப்பாட்ட நீர் எடுக்க, போய்த் திரும்பும் கூட்டத்தை வாசலில் எதிர்பார்த்து நிற்பது யார்? நாடகத்தில் நடந்த சாவு என்பதையே மறந்து விவாதித்தார்கள்.

கணக்கு டீச்சர் ஒருவர், அதுவரை ஜின்னியைக் கரித்துக்கொட்டியவர், கடைசியில் சொன்னார்: "முதலில் ஆனிடம் போவேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவேன். பிறகு அந்தச் சின்னப் பிள்ளையிடமும் போகத்தான் வேண்டும். வாயும் வயிறுமாக இருக்கிறாள், சாப்பிட்டாளா என்று யாராவது கேட்க வேண்டாமா?"

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.